சிறு கட்டியும் காமா கமெராவும்

தோட்டப் பெண்கள் குழுக்களுக்கும் ஊக்குவிப்பாளர்களுக்குமான ஒரு பாடம்

கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், மார்பில் கட்டியுடன் கண்டி வைத்தியசாலைக்குப் போய்வந்த பின், தமக்குக் கொடுக்கப்பட்ட துண்டொன்றை எம்மிடம் கொண்டுவந்து காட்டினார். கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. அடுத்து எலும்பு ஸ்கேன் செய்துவரும்படி எழுதியிருந்தார்கள். அவருடைய அன்றைய கவலை நோயைப் பற்றியதாக இருக்கவில்லை. "இதில அணுன்னு எழுதியிருக்காம் சாமி. மகன் வாசிச்சுச் சொன்னான். ஜப்பான்ல போட்டாங்களே, அதுவா?" என்று கேட்டார்.

எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகஸ்ட் மாதம் வந்தால் ஹிரோஷிமாவைப் பற்றி மேடை போட்டுப் பேசியவர்கள் நாம்தான். அதே சொல் மருந்தாகவும் வரும் என்பதை நாம் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருக்கு ஏதோ விளக்கம் சொன்னோம். அது அரைகுறையானது என்பது எமக்கே தெரிந்திருந்தது. ஆகவே அவருடன் கூடவே போனோம். அங்கு பார்த்ததையும், பின்னர் வாசித்தும் கேட்டும் அறிந்ததையும் இங்கே எழுதுகின்றோம்.

கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகவே வருகின்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தைச் சேர்ந்ததுதான் அணு மருத்துவப் பிரிவு. எமது மக்கள் சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் திருவிழாவுக்கும் என்று வாழ்நாள் முழுவதும் அந்த வளாகத்தைக் கடந்து போய்வந்திருக்கின்றார்கள். உள்ளே தங்களுக்கு உதவும் ஒரு கமெரா இருப்பதை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

வெளிச்சம் உள்ளேயிருந்து வருகின்றது

எக்ஸ்ரே எடுக்கும்போது கதிர் வெளியேயிருந்து வந்து உடலை ஊடுருவி மறுபக்கம் போகின்றது. உடலின் நிழல் படமாக விழுகின்றது. மமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் அவ்வாறே. அணு மருத்துவத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. மிகச் சிறிதளவு கதிர்த்தொழிற்பாடுள்ள மருந்து கைநரம்பில் ஏற்றப்படுகின்றது. அது உடலில் எங்கே போய்த் தங்குகின்றதோ அங்கிருந்து காமாக் கதிர் வெளியே வருகின்றது. கமெரா எதையும் வீசுவதில்லை, வருவதை ஏந்திக்கொள்கின்றது. அந்தத் தாய் அறைக்குள் போனபோது பயந்த பெரிய இயந்திரம் உண்மையில் ஒரு கண் மட்டுமே. இதை வெளியே வந்தபின் அவருக்குச் சொன்னோம். முன்னரே சொல்லியிருக்க வேண்டும்.

மருந்தில் இருக்கும் கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் பெரும்பாலும் தெக்னீசியம். 1937இல் இத்தாலியில் எமிலியோ சேக்ரேயும் கார்லோ பெரியரும் இதை இனங்கண்டனர். மனிதனால் செயற்கையாக ஆக்கப்பட்ட முதலாவது மூலகம் இதுவே. வைத்தியத்துக்குப் பயன்படும் வகையான தெக்னீசியம்-99எம் ஆறு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். காலையில் ஏற்றியது மறுநாள் காலையில் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சிறுநீருடன் போவது வேறு. இவ்வளவு சீக்கிரம் தேய்வது நோயாளிக்கு நன்மை. ஆனால், வைத்தியசாலைக்குத் தொல்லை. இன்று வாங்கி அடுத்த மாதத்துக்கு என்று அலுமாரியில் வைக்க முடியாதல்லவா?

இதற்கான வழியை 1950களின் இறுதியில் நியூயோர்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் கண்டார்கள். தெக்னீசியத்தின் தாயாகிய மொலிப்டெனம்-99 பாதியாவதற்கு 66 மணித்தியாலம் எடுக்கும். இதை ஈயக் கவசமுள்ள ஒரு கலனில் அடைத்து அனுப்பினால், உள்ளே தெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். உப்புநீரை உள்ளே விட்டுத் தேவையான அளவைக் காலையில் வடித்தெடுக்கலாம். இந்த வேலை செய்பவர்கள் உலகெங்கும் இதனைப் 'பசு' என்றும், வடிப்பதைக் 'கறத்தல்' என்றும் அழைக்கின்றார்கள். லயத்துக்குப் பின்னால் மாடு வளர்க்கும் எமது பெண்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. ஒரு வித்தியாசம்: இந்தப் பசு ஓரிரு வாரத்தில் வற்றிவிடும், மறுபடியும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். இலங்கையில் அணு உலை இல்லை. உலகில் மொலிப்டெனம் செய்யும் உலைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2009இல் கனடாவின் சோக் ரிவர் உலை பழுதுபட்டு நின்றபோது பணக்கார நாடுகளிலேயே ஸ்கேன்கள் தள்ளிப்போடப்பட்டன. குறித்த திகதியில் ஸ்கேன் நடக்கவில்லை என்றால் அது எப்போதும் வைத்தியசாலையின் அசட்டையல்ல. விமானத்தில் வரவேண்டிய பசு வராமலிருந்திருக்கலாம்.

காமா கமெராவை 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஹல் ஆங்கர் என்பவர் அமைத்தார். ஒரு பெரிய பளிங்குத் தட்டு. அதன் முன்னே ஆயிரக்கணக்கான துளைகளுள்ள ஈயத் தகடு. நேராக வரும் கதிர் மட்டும் துளைவழியே போய்ப் பளிங்கில் படும்; பட்ட இடம் மின்னும்; மின்னல்களைக் கூட்டிப் படமாக்குவார்கள்.

இதயத்துக்கான மருந்து மார்பைக் காட்டிய கதை

தெக்னீசியம் தனியே எங்கு போவதென்று தெரியாத வண்டி. அதை எந்த மருந்துடன் இணைக்கின்றோமோ அந்த மருந்து வழி காட்டும். எலும்பை நாடும் பொசுபேற்றுடன் இணைத்தால் எலும்புக்குப் போகும். அந்தத் தாய்க்குச் செய்தது அதுதான். மார்பிலிருந்த நோய் எலும்புக்குப் பரவியிருக்கின்றதா என்று பார்ப்பதற்காக.

செஸ்டமிபி என்னும் மருந்து இதயத் தசையின் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக ஆக்கப்பட்டது. அமெரிக்காவில் 1990இல் அனுமதி பெற்றது. கடுமையாக வேலை செய்யும் கலங்களில் சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் நிறைய இருக்கும். இந்த மருந்து அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓயாத இதயக் கலங்கள் இதை உறிஞ்சுவது இதனால்தான். கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்க் கலங்களும் அத்தகையவையே. இதயத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில் சில பெண்களின் மார்பிலும் ஒரு புள்ளி ஒளிர்வதை வைத்தியர்கள் கண்டார்கள். சோதித்தபோது அவற்றில் புற்றுநோய் இருந்தது. 1997இல் மார்பகப் பரிசோதனைக்கும் அங்கே அனுமதி கிடைத்தது.

மமோகிராம் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். பால்சுரப்பி இழையம் மமோகிராமில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளையாகவே தெரியும். மாதவிடாய் நிற்காத பெண்களில் பலருக்கு மார்பு இவ்வாறு அடர்த்தியானது. மூடுபனி இறங்கிய காலையில் ஹந்தானைச் சரிவில் வெள்ளாடு ஒன்றைத் தேடுவது போன்ற வேலை அது. அணு மருத்துவப் படத்தில் அடர்த்தி மறைப்பதில்லை, ஏனெனில் அது உருவத்தைப் பார்க்கவில்லை, கலங்களின் உழைப்பைப் பார்க்கின்றது. ஆட்டின் கழுத்தில் மணி கட்டியதற்குச் சமம்.

எனினும் தொடக்கத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. பெரிய கமெரா முழு உடலுக்கென அமைந்தது. அது மார்பை ஒட்டி வர முடியாது. தூரம் கூடக்கூடப் புள்ளி கலங்கும். பக்கத்திலுள்ள இதயமும் ஈரலும் அதே மருந்தை உறிஞ்சி ஒளிர்வதால் சிறு புள்ளி அவற்றின் வெளிச்சத்தில் அமுங்கிப்போகும். ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டிகளை நன்றாகக் கண்ட அக்கமெரா, அதற்குச் சிறியவற்றில் ஏறக்குறைய பாதியைத் தவறவிட்டது. கையால் தடவியே கண்டுகொள்ளக்கூடிய கட்டியைக் காண்பதற்கு இவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு என்று பலர் அதைக் கைவிட்டார்கள். அதில் நியாயமிருந்தது.

கைவிடாதவர்கள் மார்புக்கென்றே சிறிய கமெரா செய்தார்கள். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பௌதிகவியலாளர் மைக்கல் ஓ'கொனரும் வைத்தியர் டெபோரா ரோட்ஸும் உழைத்த கருவியில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள். பெண் கதிரையில் அமர்ந்திருப்பார். மார்பு தட்டுகளுக்கிடையே, மமோகிராமில் போல நெருக்கப்படாமல், அசையாதபடி மெல்லப் பிடிக்கப்படும். பழைய பளிங்குக்குப் பதிலாகக் கட்மியம், நாகம், தெலூரியம் கலந்த பொருள். அது கதிரை நேரே மின்துடிப்பாக மாற்றுவதால் புள்ளி கூர்மையாகின்றது. ஒரு படத்துக்குப் பத்து நிமிடம், இரு பக்கமும் நான்கு படங்கள். அரைச் சென்ரிமீற்றர் அளவான கட்டியும், அதாவது ஒரு குண்டுமணியிலும் சிறியது, இதில் தெரியத் தொடங்கியது.

மாயோவில் அடர்த்தியான மார்புள்ள 1585 பெண்களை மமோகிராமினாலும் இக்கருவியினாலும் சோதித்து 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 21 பெண்களுக்குப் புற்றுநோய் இருந்தது. மமோகிராம் கண்டது அவர்களுள் 5 பேரை. இரண்டும் சேர்ந்து 19 பேரை. இது எம்மை வியக்க வைத்தது. ஆனால், அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மமோகிராம் மட்டும் செய்தபோது நூறு பேரில் 11 பேரை மறுபடி அழைத்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது ஏறக்குறைய 18 பேரை. அவர்களில் மிகப் பலருக்கு ஒன்றுமிருக்கவில்லை. நோயில்லாத பெண்ணை மீண்டும் கூப்பிட்டு ஊசி குத்துவது என்ன வேதனை என்பதைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவரிடம் கேட்டால் தெரியும். இக்கருவி இறப்பைக் குறைக்கின்றது என்பதும் இன்னும் நிறுவப்படவில்லை. வசதி படைத்த நாடுகளிலும் குறைந்த இடங்களிலேயே அது இருக்கின்றது.

கதிர்வீச்சின் அளவையும் மறைக்கக் கூடாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதர் ஆண்டொன்றில் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட். குறைந்த அளவு மருந்துடன் செய்யும் மார்பக அணுப்படமும் ஏறக்குறைய அவ்வளவே. எலும்பு ஸ்கேன் 4 மில்லிசீவேர்ட் அளவில். மமோகிராம் அரை மில்லிசீவேர்ட்டுக்கும் குறைவு. அதுவும் மார்புக்கு மட்டுமே; அணு மருந்தோ உடல் முழுவதும் சுற்றுகின்றது. நோய் இருக்கும் பெண்ணுக்கு இது அஞ்சத்தக்க அளவல்ல. நோயே இல்லாதவர்களை ஆண்டுதோறும் சோதிப்பதென்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

கொழுந்து பறிக்கும் கை

சிறிய கட்டிக்கும் பெரிய கட்டிக்கும் என்ன வித்தியாசம்? உயிர் பிழைப்பது பற்றி எல்லோரும் சொல்வார்கள். எமது பெண்களுக்கு வேறொரு வித்தியாசமும் உண்டு. அதைப் பற்றி எவரும் பேசி நாம் கேட்டதில்லை. அது கை.

மார்பிலிருந்து வெளியேறும் நோய் முதலில் தங்குவது அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களில். முன்னர் சத்திரசிகிச்சையின்போது அக்கணுக்களைக் கொத்தாக எடுத்துவிடுவது வழக்கம். அவ்வாறு எடுத்தபின் ஐந்து பெண்களில் ஏறக்குறைய ஒருவருக்குக் கையில் நீர் தேங்கி வீக்கம் உண்டாகும். அலுவலகத்தில் எழுதுபவருக்கு அது தொல்லை. இரண்டு கையாலும் கொழுந்து பறித்து, நிறைந்த கூடையைச் சுமந்து மலையிறங்குபவருக்கு அது பேர் போகின்ற காரியம்.

இங்கேதான் அணு மருத்துவம் மிகவும் அடக்கமான, ஆனால் எமது எண்ணத்தில் மிகவும் பயனுள்ள வேலையைச் செய்கின்றது. கட்டிக்கு அருகில் சிறிது தெக்னீசிய மருந்தை ஏற்றினால், அது நிணநீர் போகும் வழியே போய் முதலாவது கணுவில் தங்கும். அதனைக் காவல் கணு என்று சொல்லலாம். சத்திரசிகிச்சை நிபுணர் பேனா போன்ற ஒரு காமாக் கருவியை அக்குளில் வைத்து, ஒலி கூடும் இடத்தைக் கண்டு, அந்த ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிப்பார். அங்கே நோய் இல்லையென்றால் மற்றக் கணுக்களைத் தொட வேண்டியதில்லை. கைவீக்கம் வரும் வாய்ப்பு நூறுக்கு ஐந்தாறாகக் குறைகின்றது. ஆனால், கட்டி சிறிதாக இருந்து, அக்குள் தெளிவாக இருக்கும் பெண்ணுக்கே இது கிட்டும். கணுக்கள் ஏற்கெனவே திரண்டு கைக்குத் தட்டுப்படும் நிலையில் வருபவருக்கு இந்தத் தெரிவு இல்லை.

அந்தத் தாய் இரண்டாமவராகவே வந்திருந்தார். கட்டியைக் கண்டு பத்து மாதமாகியிருந்தது. முதலில் கொழுந்து கூடிய காலம். பிறகு மகள் பெரியபிள்ளையானாள். பிறகு நெஞ்சில் அடிபட்டிருக்கும் என்று எண்ணெய் தடவினார்கள். வலிக்கவில்லை. வலிக்காததால் நோயில்லை என்று இருந்துவிட்டார். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

யாரும் என்பதில் நாமும் அடக்கம். எமது பெண்கள் குழுக்களில் நீரிழிவு பற்றி, இரத்த அழுத்தம் பற்றி, மதுபானம் பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் நடத்தியிருக்கின்றோம். மார்பைப் பற்றிப் பேச எமக்கு வெட்கமாக இருந்தது. குருவானவர் இதைப் பேசலாமா என்று யாரும் கேட்கவில்லை. நாமே கேட்டு நாமே விடை சொல்லிக்கொண்டோம்.

கை முதல், கருவி பிறகு

இதைப் படித்தபின் மாயோவிலுள்ளது போன்ற கருவியொன்றைக் கண்டிக்கு வாங்க நிதி திரட்டலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். மகரகமை வைத்தியசாலைக்குப் பொதுமக்கள் காசு சேர்த்து பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கிக் கொடுத்த நாடல்லவா இது. எமது பதில் இப்போதைக்கு வேண்டாம் என்பதே. எமது பெண்கள் வரும் கட்டி குண்டுமணி அளவில் வருவதில்லை. எலுமிச்சங்காய் அளவில் வருகின்றது. அதைக் காண அணுக் கமெரா தேவையில்லை.

மும்பையில் டாட்டா நினைவு வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் இந்திரநீல் மித்ராவின் குழுவினர் 1998இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினர். நகரத்து ஏழைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையான ஒன்றரை இலட்சம் பெண்கள். ஒரு பாதியினரின் மார்பைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கொரு தடவை கையால் சோதித்தார்கள். மற்றப் பாதியினருக்கு அறிவுரை மட்டும். இருபது ஆண்டு முடிவு 2021இல் வெளிவந்தது. கையால் சோதிக்கப்பட்ட பெண்களின் நோய் முந்திய கட்டத்திலேயே அகப்பட்டது. ஐம்பது வயதும் அதற்கு மேலுமானவர்களில் இந்நோயால் இறப்பது ஏறக்குறைய 30 வீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் அத்தகைய குறைவு காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இளைய, அடர்த்தியான மார்புக்கு எதிர்காலத்தில் கருவி தேவைப்படலாம். அந்த வாதம் முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் வைத்த இலக்கும் இங்கு பொருந்துகின்றது. நோயாளிகளில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் முதல் இரு கட்டங்களில் அகப்பட வேண்டும். முதன்முதலில் வைத்தியரிடம் வந்ததிலிருந்து 60 நாளுக்குள் நோய் நிர்ணயிக்கப்பட வேண்டும். 80 வீதத்தினர் சிகிச்சையை முடிக்க வேண்டும். அந்தத் தாய்க்கு வைத்தியசாலையில் அதிக நாள் போகவில்லை. போன பத்து மாதமும் லயத்திலேயே போனது.

இலங்கையில் கையால் சோதிக்கும் ஏற்பாடு 1996 முதல் உண்டு. சிங்களத்தில் 'சுவநாரி' எனப்படும் சுகவனிதையர் கிளினிக், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கின்றது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, கருப்பைக் கழுத்துச் சோதனை ஆகியவற்றுடன் மார்பும் சோதிக்கப்படுகின்றது. காசில்லை. நாளும் இடமும் குடும்பநல உத்தியோகத்தரிடம், எமது மக்கள் 'மிட்வைஃப் மிஸ்' என்பவரிடம், கேட்டால் தெரியும். கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்தல், இரத்தம் அல்லது நீர் கசிதல், தோல் தோடம்பழத் தோல் போலாதல், அக்குளில் திரட்சி ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பால் கொடுக்கும் தாயானாலும், ஐம்பதைக் கடந்த பாட்டியானாலும் அப்படியே.

ஸ்கேனுக்கு அனுப்பப்படுபவருடன் ஊக்குவிப்பாளர் ஒருவர் கூடப் போவது நல்லது. துண்டையும் கிளினிக் கொப்பியையும் பழைய படங்களையும் மறவாமல் எடுத்துச் செல்க. கருவுற்றிருந்தாலோ, கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, பால் கொடுத்தாலோ ஊசி ஏற்றுமுன் சொல்லியே ஆக வேண்டும். எலும்பு ஸ்கேனில் ஊசிக்கும் படத்துக்கும் இடையே இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருக்க நேரும். அது தாமதமல்ல, மருந்து எலும்பில் படிவதற்கான நேரம். அதற்குள் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். வீடு திரும்பியதும் அன்று மட்டும் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்காமலிருந்தால் போதும். சமைக்கலாம், எல்லோருடனும் உண்ணலாம். அந்தத் தாய்க்குத் தனிக் கோப்பை வைத்தார்கள் என்று பிறகு அறிந்தோம். அதற்கு எந்தத் தேவையுமில்லை.

அவருடைய எலும்பில் நோய் இல்லை என்று ஸ்கேன் சொன்னது. சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் முடிந்துவிட்டன. இடது கையில் வீக்கம் இருக்கின்றது, மலைக்குப் போவதில்லை. அதே லயத்தில் இன்னும் சில பெண்கள் கிளினிக்குக்குப் போக விரும்புகின்றார்கள். கிளினிக் நடப்பதோ வேலை நாளில். போனால் அன்றைய பேர் இல்லை. அரைப் பேராவது போட வேண்டுமென்று தோட்டத் தலைவர்மாருடன் துரையிடம் பேசியிருக்கின்றோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.